கால்மாட்டுச் சுண்ணாம்பு

இரண்டு மெழுகுவர்த்திகளும் ஒரே கையில் இருக்கின்றன, மறு கையால் முந்தானையை விரித்துக் காற்றை மறிக்கிறேன், தேரி மணல்மேட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றில் மழை கண்ட செம்மண்ணின் வாசனை, கல்லறைத் தோட்டம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பின் வெள்ளை, ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் ஒரு குடும்பம் குந்தியிருக்கிறது, செவ்வந்தியை உதிர்த்துப் போடுகிறார்கள், யாரோ பாட்டை எடுக்கிறார்கள், யாரோ ராகத்தைக் கெடுக்கிறார்கள், என் கையிலிருக்கும் இரண்டில் ஒன்றுக்கு இடம் உண்டு, மற்றதற்கு இல்லை, இது இந்த வருஷமா, போன வருஷமா, அதற்கும் முன்னாலா என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது, எல்லாக் கல்லறைத் திருநாளிலும் நான் இப்படித்தான் நிற்கிறேன், இடமுள்ள மெழுகுவர்த்தி எப்சிபா மதினியுடையது, மதினி என்றால் என் கணவரின் அக்காள், அவளுக்குக் கண் தெரியாது, ஆகவே அவள் புருஷன் பொன்னையா வாத்தியாரின் கல்லறையில் அவள் பேருக்கு நான் ஏற்றுகிறேன், இடமில்லாதது என்னுடையது, மூன்று நாள் உயிரோடிருந்த என் பிள்ளைக்கானது, அந்தப் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, மதிலின் மேற்கு மூலையில், பனைகள் நிற்கிற பக்கமாக, ஒரு செங்கல் பெயர்ந்த பொந்துக்குள் அதை வைப்பேன், வைத்து மூன்று எண்ணுவதற்குள் காற்று அணைத்துவிடும், திரும்ப ஏற்றுவேன், திரும்ப அணையும், தீப்பெட்டியில் குச்சி தீரும்வரை இது நடக்கும், தீர்ந்ததும் வீட்டுக்குப் போய் மதினிக்குக் கஞ்சி வைக்க வேண்டும்.

பிள்ளை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அதை நான் பார்த்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது, ஒரு சின்னக் காது, அதன் மேல் ஈர மயிர், ஆனால் அது நான் பார்த்ததா, காய்ச்சலில் கண்ட கனவா என்று இன்றுவரை தீரவில்லை, எனக்குச் சன்னி கண்டு பதினோரு நாள் நினைவில்லை, கணவர் பம்பாயில் மில்லில் இருந்தார், வீட்டில் மதினி மட்டும்தான், அவள் அப்போது விதவையாகி எட்டு மாதம், ஒன்பது வயது மகன் ஜெபசிங்கை அழைத்துக்கொண்டு தம்பி வீட்டோடு வந்து தங்கியிருந்தாள், நான் கண் விழித்தபோது அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறாள், பிள்ளைய எங்க மதினி, என்கிறேன், அது போயிட்டு, என்கிறாள், எங்க வச்சிய, என்கிறேன், வைக்க வேண்டிய எடத்துல வச்சாச்சு, நீ கஞ்சியக் குடி, என்கிறாள், கஞ்சி உப்பில்லாமல் இருந்தது, அந்த உப்பில்லாமை இன்னும் நாக்கில் இருக்கிறது, அன்றைக்கு எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு, ஞானஸ்நானம் பெறாமல் போன சிசுக்களைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது, மதிலுக்கு வெளியே பனங்காட்டில்தான் வைக்க வேண்டும், குருவானவர் கிராமங்களைச் சுற்றிவரப் போயிருந்த வாரம் அது, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் இல்லை, பேரும் இல்லை, ஆகவே பனங்காட்டில்தான் எங்கோ என்று நானே முடிவு செய்துகொண்டேன், உடம்பு தேறியதும் போய்த் தேடினேன், அங்கே இருபது முப்பது சின்ன மேடுகள், ஆடுகள் மிதித்துத் தரையோடு தரையாகக் கிடந்தன, எது புதிது எது பழையது என்று மழை அடையாளம் வைக்கவில்லை, குழி தோண்டுகிற இன்னாசி கிழவனிடம் கேட்டேன், ஒங்க மதினி சொல்லக் கூடாதுன்னுட்டாவ, எனக்குச் சத்தியமிருக்கு தாயி, என்று சொல்லி மண்வெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன், அடுத்த ஆவணியில் அவனே மண்ணுக்குள் போய்விட்டான், கணவர் வந்து அக்காளிடம் கேட்டார், ஆம்பளைக்கி இதெல்லாம் என்னத்துக்குலே, என்று அவள் சீறினாள், அவர் என்னிடம் திரும்பி வந்து, சொல்ல மாட்டேங்கா, என்றார், அவ்வளவுதான், பதினேழு வருஷம் கழித்து அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, வேறு பிள்ளையும் வரவில்லை.

நானும் மதினியிடம் மறுபடி கேட்கவில்லை, அது ஒரு தீர்மானம், வாயைத் திறந்து கேட்டு அவள் மறுபடி கஞ்சியக் குடி என்று சொன்னால் நான் அவளை ஏதாவது செய்துவிடுவேன் என்று பயம், அதற்குப் பதிலாக நான் அவளுக்கு நன்மை செய்யத் தொடங்கினேன், தொடங்கியது எந்த நாள் என்றுகூடச் சொல்வேன், ஒரு தவசு கால ஞாயிறு, பிரசங்கத்தில் சத்துருவுக்குச் சோறு போடுவதைப் பற்றியும், அப்படிப் போட்டால் அவன் தலைமேல் தழல் குவியும் என்பதைப் பற்றியும் சொன்னார்கள், எனக்கு அந்தத் தழல் பிடித்திருந்தது, வீட்டுக்கு வந்து அவளுக்கு முதலில் பரிமாறினேன், அயிரைக் குழம்பு, அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, இது குழம்பா கழனித் தண்ணியாட்டி, என்று தட்டைத் தள்ளினாள், நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன், ஊற்றும்போது அவள் நரைத்த வகிட்டைப் பார்த்தேன், ஏதாவது புகைகிறதா என்று, புகையவில்லை, அப்புறம் வருஷக்கணக்கில் பார்த்தேன், தலையில் எண்ணெய் வைத்துவிடும்போது, வெந்நீர் ஊற்றும்போது, அவள் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை முற்றாகப் போனபின் ஒருநாளைக்கு மூன்று வேளை தலையைப் பின்னால் சாய்த்து மருந்துச் சொட்டு விடும்போது, எப்போதும் அந்த வகிடு குளிர்ந்தே இருந்தது, எரிந்ததெல்லாம் என் கைதான்.

கண் போன பிறகு கடிதம் எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தது, ஜெபசிங் நாக்பூரில் ரயில்வே பட்டறையில் வேலையாகிக் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான், மாதத்தின் முதல் சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, மதினி கட்டிலில் சம்மணம் போட்டு உட்காருவாள், நான் எதிரில் ஸ்டூலில், சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்தான் நான், ஆனால் கடிதம் என்றால் அதற்கொரு ஒழுங்கு உண்டென்று கையில் ஏறிவிட்டது, வலது மேல் மூலையில் இடம், அதன் கீழ் தேதி, இடது மூலையில் கடிதத்தின் எண், அடியில் கார்பன் வைத்து ஒரு நகல், எழுதி முடித்ததும் சத்தமாக ஒரு தடவை வாசிப்பு, பிறகே உறை, மதினி சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜெபசிங்குக்கு, நான் சுகம், இவள் வைக்கிற சோற்றில் கல், இவள் எனக்குத் தலை வாரும்போது வேணுமென்றே இழுக்கிறாள், இவள் மூஞ்சியைக் கண் தெரியாமல் போனதால் பார்க்காமல் இருப்பது ஒரு கிருபை, இப்படியே, வார்த்தை பிசகாமல், ஒரு புள்ளி கூட்டாமல் குறைக்காமல், என்னைப் பற்றிய எல்லா ஏச்சையும் என் கையாலேயே எழுதினேன், இழுக்கிறாள் என்பதற்கு வல்லினம் இடையினம் பார்த்து எழுதினேன், வாசிச்சுக் காட்டுட்டி, என்பாள், வாசிப்பேன், தலைவாரும்போது என்கிற இடத்துல கொஞ்சம் அழுத்தி எழுதிருக்கலாம், என்பாள், சரி மதினி, என்பேன், கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், மேற்கண்டவை அம்மா சொன்னபடி எழுதப்பட்டன, இங்ஙனம் அத்தை என்று, பேனா அந்த இடத்தில் எத்தனையோ சனிக்கிழமை நின்றிருக்கிறது, சேர்க்கவில்லை, தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்வது அன்பல்ல என்று நினைத்தேன், அதைப் பொறுமை என்று பெயரிட்டு நகலோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தேன், இப்படிப் பதினோரு வருஷம், நூற்று இருபத்தெட்டுக் கடிதம்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை மட்டும் வேறு வேலை, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஆள் வைத்து அடிக்கலாம், மதினி விடமாட்டாள், கூலிக்காரன் மேலுக்குப் பூசிட்டுப் போவான், நீ போ, என்பாள், வாளியும் மட்டையும் ஃப்ளாஸ்க்கில் காப்பியுமாகப் போவேன், எங்கள் ஊரில் புருஷன் பெண்சாதி இருவருக்கும் ஒரே கல்லறைதான் வழக்கம், முதலில் போனவரின் பெயரை வெட்டும்போதே கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டுவிடுவார்கள், பொன்னையா அண்ணன் பெயருக்குக் கீழே அந்த வெற்றுக் கல் மதினிக்காகக் காத்துக்கொண்டிருக்கும், அதைத் துடைத்துவிட்டுத் தலைமாட்டிலிருந்து அடித்துக்கொண்டே வருவேன், திரும்பி வந்ததும் விசாரணை, தலமாடு அடிச்சியா, அடிச்சேன், பக்கம் ரெண்டும், அடிச்சேன், கால்மாடு, அடிச்சேன் மதினி, எத்தன தடவ, ரெண்டு தடவ, அங்கதாம்ட்டி மழத்தண்ணி கட்டும், வெடிப்பு கிடிப்பு இருக்கான்னு கையால தடவிப் பாத்தியா, பார்த்தேன் மதினி, ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி, இதே வரிசை, செத்துப்போன வாத்தியாரின் கால்மேல் இவளுக்கு என்ன இவ்வளவு கரிசனம் என்று சலித்துக்கொள்வேன், ஒரு வருஷம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கால்மாட்டை ஒரே தடவை அடித்துவிட்டு, அதுவும் தண்ணீராய்க் கரைத்த சுண்ணாம்பு, அங்கேயே உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன், ரெண்டு தடவையா, என்றாள், ரெண்டு தடவைதான், என்றேன், அந்தப் பொய்யை ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், கண் தெரியாதவளிடம் சொன்ன பொய் என்பதற்காக, வேறெதற்காகவும் இல்லை, வேறெதுவும் அன்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் செப்டம்பரில் ஜெபசிங் வந்தான், கடிதம் போடாமல் வந்தான், நாற்பது வயதில் வழுக்கை விழுந்து அப்படியே பொன்னையா அண்ணன் மாதிரி, தோள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான், சணல் கயிற்றால் கட்டிய என் கடிதங்கள், அத்தை, இது ஒங்க கையெழுத்துதான, என்றான், ஆமாய்யா, என்றேன், அவன் நூற்று இருபத்தெட்டாவதைப் பிரித்து வாசித்தான், இவள் என்னைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவாள், வந்து கூட்டிப்போ என்று, ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நேரமாகிவிட்டது, சோறு இரண்டரை மணிக்குத்தான் போட்டேன், அந்த வெள்ளிக்கு மறுநாள் எழுதிய கடிதம் அது, எப்படி அத்த, செய்யறதயும் செஞ்சிட்டு, செஞ்சத நீங்களே எழுதி, நீங்களே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புதிய, ஒங்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம், என்றான், அவன் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம், எனக்கு அப்போதுதான் புரிந்தது, பதினோரு வருஷமாக நான் பொறுமை என்று அனுப்பியது அவன் வீட்டில் ஒப்புதல் வாக்குமூலமாக இறங்கியிருக்கிறது, அம்மா சொன்னாவ, நான் எழுதுனேன், என்றேன், அவன் கட்டிலைப் பார்த்துத் திரும்பினான், ஏம்மா, நீதான் சொன்னியா, மதினி தாடையைத் தூக்கி, நாந்தான் சொன்னேன், பின்ன அவளா பொய்யா எழுதுவா, என்றாள், அப்ப நெசந்தானா, என்றான், கொழம்பு கழனித் தண்ணிங்கது நெசம், தல இழுக்குதுங்கது நெசம், பட்டினி போட்டாங்கது ரெண்டரை மணி வரைக்கும் நெசம், என்றாள், அவனுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை, எப்படியானாலும் வியாழக்கிழமை கூட்டிப் போறேன், இப்பதான் கீழ்த்தளத்துல குவார்ட்டர்ஸ் கெடச்சிருக்கு, என்றான், என் சாம்பல் கலர் சேலையக் காயப் போட்டியாட்டி, என்று மட்டும் அவள் என்னிடம் கேட்டாள்.

வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது, அந்த மூன்று நாளும் நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அவள் போனால் அந்த இடமும் போகும், இன்னாசி போய்விட்டான், உலகத்தில் அந்தச் சின்னக் குழியை அறிந்த ஒரே ஆள் நாக்பூருக்கு ரயிலேறப் போகிறாள், கேட்கலாம், காலை மருந்து விடும்போது கேட்கலாம் என்று போவேன், சொட்டு விழும், இமை துடிக்கும், அடுத்த கண், என்பேன், வெந்நீர் ஊற்றும்போது கேட்கலாம், முதுகெல்லாம் எலும்பாக இருந்தது, இப்படித் தேய்த்துத் தேய்த்துத்தான் முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்கு விலை கொடுத்தேனோ, நன்மை என்று நான் செய்ததெல்லாம் தூண்டிலில் குத்திய புழுவோ என்று நினைத்ததும் சொம்பு கையிலிருந்து நழுவியது, என்னட்டி, என்றாள், ஒண்ணுமில்ல மதினி, என்றேன், புதன்கிழமை மத்தியானம் ஜெபசிங் கார் பேசிவரப் போயிருந்தான், மணி மூன்று, முதல் சனிக்கிழமையும் அல்ல, மதினி கட்டிலில் சம்மணமிட்டு, ஏட்டி, பேனாவ எடு, என்றாள், மகன் இங்கதான இருக்கான், யாருக்கு, என்றேன், குருவானவருக்கு, சபைக் கமிட்டிக்கும் சேத்து, என்றாள், நான் இடம் போட்டேன், தேதி போட்டேன், எண் 129 என்று போட்டேன், கார்பனைச் செருகினேன்.

அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன், நான் வடக்கே போகிறேன், அங்கே மரித்தால் என்னைக் கொண்டுவருவார்களோ மாட்டார்களோ தெரியாது, கொண்டுவந்தால் என் புருஷன் கல்லறையில் என்னை வைக்கக் கூடாது, அந்தக் கல்லறையை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, என்னை மதிலுக்கு வெளியே பனங்காட்டில் வைத்தாலும் எனக்குச் சம்மதம், எழுதிக்கொண்டே நினைத்தேன், கட்டின புருஷனோடும் ஒட்ட மாட்டாளா இவள், பெயர் வெட்ட இடம் விட்டுக் கல் காத்திருக்கிறதே, காரணம் போடலேன்னா கமிட்டியில கேப்பாவளே மதினி, என்றேன், கேட்டா, என்றாள், கேட்டால் என்ன எழுதட்டும், என்றேன், முற்றத்தில் அவளுடைய சாம்பல் கலர் சேலை காற்றில் அடித்துக்கொண்டது, கால்மாட்டுல பிள்ள கெடக்கு, மண்வெட்டி போட்டா கையோட வந்துரும், அத எழுது, என்றாள், கால்மாட்டில் பிள், என்று எழுதி என் பேனா நின்றது, நூற்று இருபத்தெட்டுக் கடிதத்தில் நிற்காத பேனா, எந்தப் பிள்ள மதினி, என்றேன், நீ எத்தன பிள்ளட்டி பெத்த, என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னது எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது, வெளிய பனங்காட்டுல நரி தோண்டும்ட்டி, நம்ம வீட்டுப் பிள்ளைய நரிக்கா போடுவேன், இவிய குழி அப்ப மண்ணாத்தான் கெடந்துது, எட்டு மாசந்தான், கட்டி எழுப்பல, இன்னாசிகிட்ட காலப் பிடிச்சேன், எல்லாரும் ஆராதனையில இருக்கும்போது கால்மாட்டுல ஒரு முழம் தோண்டி வச்சோம், எங்க அம்மை சேலையக் கிழிச்சுச் சுத்துனேன், மூஞ்சி ஒன்ன மாதிரிதான் இருந்துது, நான் எழுந்து நின்றேன், ஸ்டூல் சாய்ந்தது, முப்பத்தொரு வருசம் மதினி, என்றேன், அது என் குரல் மாதிரி இல்லை, சொன்னா நீ அங்க போயி விழுந்து அழுவ, ஊருக்குத் தெரியும், அன்னைக்கிருந்த கமிட்டிக்காரனுவ தோண்டி வெளிய எறிஞ்சிருப்பானுவ, என்றாள், அவங்கல்லாம் செத்து இருவது வருசமாச்சி, சட்டம் போயி எத்தனையோ காலமாச்சி, பெறவு சொல்றதுக்கென்ன, என்றேன், அவள் குருட்டுக் கண்ணை என் பக்கம் திருப்பினாள், பெறவு நீ கேட்டியா, படுக்கையில கெடந்து ஒரு தடவ கேட்ட, அதுக்குப் பெறவு ஒரு நாள் கேட்டியா, என்ன ஏசுனாலும் பேசாம இருந்த, தட்டத் தள்ளுனா இன்னொரு கரண்டி ஊத்துன, ஒன்னப் பத்தி நாறத்தனமா சொல்லச் சொல்ல கமா போட்டு எழுதுன, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னத் திருப்பி ஏசிருந்தன்னா அன்னைக்கே சொல்லிருப்பேன், பரிச்ச எழுதுத மாதிரில்லா எனக்குச் சோறு போட்ட, நீ பாஸாவதுக்கு நான் என்னத்துக்குட்டி சொல்லணும், இதச் சொல்லிட்டா பெறவு எங்கிட்டன்னு என்ன இருக்கு, என்றாள், நீங்க பாவி மதினி, என்றேன், சத்தமாகவே சொன்னேன், முற்றத்துக்குக் கேட்டிருக்கும், மனுசிதானா நீங்க, பாவி, பாவி, என்றேன், ஆமா, என்றாள் அவள், தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்துக்கொண்டாள், இப்பதான் வீட்டுக்காரி மாதிரி பேசுத.

நான் அடுக்களைக்குப் போய் அம்மிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, அழுதேனா என்றும் தெரியாது, எனக்கு அந்தக் காப்பிதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, கால்மாட்டில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்த காப்பி, வாளியை அங்கேதான் வைப்பேன், செருப்பை அங்கேதான் கழற்றிப் போடுவேன், ஒவ்வொரு வருஷமும் ஒரு அரை மணி நேரம் நான் என் பிள்ளையிடம் உட்கார்ந்திருந்திருக்கிறேன், தெரியாமல், இடுப்பு வலியில் முனகிக்கொண்டு, பிறகு அந்த ஒரே ஒரு தடவை, தண்ணீராய்க் கரைத்த சுண்ணாம்பு, ரெண்டு தடவையா, ரெண்டு தடவைதான், நான் ஏய்த்தது யாரை, எழுந்து போய் அவளை உலுக்க வேண்டும்போலிருந்தது, போனேன், அவள் அதே இடத்தில் தலையைச் சாய்த்தபடி இருந்தாள், கண்ணோரம் சிவந்து நீர் வடிந்தது, மருந்துதான், மூன்று மணி மருந்து, மணி நாலேகால், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் தவறவிட்டிருக்கிறேன், எரியுது, என்றாள், எரியட்டும், என்றேன், நான் சீசாவை எடுத்தேன், தலையப் பின்னால சாயுங்க, என்றேன், சாய்த்தாள், முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவதுதான் கண்ணில் விழுந்தது, அப்போது எனக்கு அன்பும் இல்லை, பொறுமையும் இல்லை, எந்த வசனமும் ஞாபகமில்லை, ஒரு கண் எரிகிறது, மருந்து என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான், அவள் வகிட்டை நான் பார்க்கவேயில்லை என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, கடிதத்தை எப்படி முடிக்கட்டும், என்று கேட்டேன், எங்க வீட்டுப் பிள்ள கெடக்குன்னு போடு, என்றாள், கால்மாட்டில் எங்கள் வீட்டுப் பிள்ளை கிடக்கிறது என்று எழுதி, வழக்கம்போல் வாசித்துக் காட்டினேன், கிடக்கிறது வேண்டாம், இருக்கிறதுன்னு போடு, என்றாள், அடித்துவிட்டு இருக்கிறது என்று எழுதினேன்.

வியாழக்கிழமை புளியோதரை கட்டினேன், மருந்து எந்தெந்த மணிக்கு, எந்தக் கண்ணுக்கு எத்தனை சொட்டு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி ஜெபசிங்கின் சட்டைப் பையில் வைத்தேன், அவன் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான், காரில் ஏற்றும்போது மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், மன்னிச்சிரு என்று சொல்வாளென்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை, ரெண்டு தடவ அடிக்கணும், என்றாள், ரெண்டு தடவ அடிக்கேன், நீங்க அங்க போயி அந்தப் பிள்ளயளயும் ஏசாதீங்க, என்றேன், அதப் பத்தி ஒனக்கென்ன, என்றாள், கார் போனது, தூசி அடங்கும்வரை நின்றேன், வீட்டுக்குள் போய் இரண்டு பேருக்கு அரிசி அளந்து கழுவிவிட்டு, பிறகு ஒரு பங்கைத் திரும்ப எடுக்க முடியாமல் இரண்டு பேருக்கே பொங்கினேன், சாயங்காலம் கடிதத்தைக் குருவானவரிடம் கொடுத்தேன், சின்ன வயதுக்காரர், நின்றபடியே வாசித்தார், மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, இருக்கட்டும் அம்மா, யாரும் அசைக்க மாட்டோம், என்றார், பிறகு, பிள்ளைக்குப் பேர் என்ன, என்றார், பேர் இல்லை ஐயா, என்றேன்.

மார்ச்சில் மதினி போனாள், தந்தி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, அங்கே வெயில், வைத்திருக்க முடியவில்லை என்று ஜெபசிங் எழுதியிருந்தான், கடைசிவரை உங்கள் குழம்பைத்தான் கேட்டார்கள், இங்கே வைத்ததையெல்லாம் கழனித் தண்ணீர் என்றார்கள் என்றும் எழுதியிருந்தான், எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை, நான் மறுநாளே பதில் போட்டேன், இடம், தேதி, எண் 130, எனக்காக நானே எழுதிய முதல் கடிதம், அம்மாவை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தீர்கள், எத்தனையாவது வரிசை, பக்கத்தில் மரம் ஏதும் உண்டா, கால்மாடு எந்தத் திசை, தயவுசெய்து தெரிவிக்கவும், பதில் வரவில்லை, வேலையிருக்கும், மறுபடி கேட்டேன், 131, பிறகு 132, கேட்பதற்கு இப்போது எனக்கு வெட்கமில்லை, பதில் வரும்வரை மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

காற்று தேரியிலிருந்துதான் வருகிறது, முந்தானையை விரித்து மறிக்கிறேன், கையில் இரண்டு மெழுகுவர்த்திகள், சுண்ணாம்பு இந்தத் தடவை மூன்று முறை அடித்தேன், கெட்டியாகக் கரைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, பொன்னையா அண்ணன் பெயருக்குக் கீழே வெற்றுக் கல் வெறுமையாகவே இருக்கிறது, பேரில்லாத பிள்ளைக்கு அது போதும், கால்மாட்டில் குந்தி ஒன்றை ஏற்றுகிறேன், கல்லறையே காற்றை மறிக்கிறது, சுடர் நிமிர்ந்து நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு ஃப்ளாஸ்க் காப்பியை மெதுவாகக் குடிக்கிறேன், பக்கத்துக் கல்லறைப் பெண் ஒருத்தி, அங்க யாரு இருக்கா, என்று கேட்கிறாள், எங்க வீட்டுப் பிள்ள, என்கிறேன், பிறகு மற்றதை எடுத்துக்கொண்டு எழுகிறேன், முழங்கால் வலிக்கிறது, இதற்கு இடமில்லை, வாசலைத் தாண்டி மதிலைச் சுற்றி மேற்கு மூலைக்கு வருகிறேன், செங்கல் பெயர்ந்த பொந்து முப்பத்தொரு வருஷக் கரியோடு அப்படியே இருக்கிறது, உள்ளே வைத்து ஏற்றுகிறேன், மதினி, என்கிறேன், காற்று அணைக்கிறது, திரும்ப ஏற்றுகிறேன், எந்த வரிசையில கெடக்கிய மதினி, சொல்லிட்டுப் போனா என்ன, பாவி, என்கிறேன், அணைகிறது, இன்னும் ஒரு குச்சியை உரசுகிறேன்.